கவுஞ்சிப் பாறையில் பேசிய பெட்டி

என்னோடு வேலைக்குச் சேர்ந்தவர்களைப் பயிற்சிக்கென்று கனடாவுக்கும் இங்கிலாந்துக்கும் அனுப்பினார்கள். என்னைக் கவுஞ்சிக்கு அனுப்பினார்கள். எங்கே இருக்கிறது என்று கேட்டேன். கொடைக்கானலுக்கும் அப்பால், கேரள எல்லையை ஒட்டி, லாரியும் போகாத மலையூர் என்று சொன்ன அதிகாரியின் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. அந்தச் சிரிப்பை அப்போதே நான் நம்பவில்லை.

நம்பாமல் இருப்பதுதான் என் உத்தியோகம். ஐம்பதுகளின் கடைசி அது. பம்பாய்க் கடலோரத்தில், பெரிய தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி வைத்திருந்த அணு உலையில் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் ஆட்களில் நானும் ஒருவன். உலை ஓடும்போது தொட்டியின் அடியில் நீல வெளிச்சம் தெரியும். பார்க்க வரும் பெரிய மனிதர்கள் அதைக் கண்டு வாயைப் பிளப்பார்கள். நாங்கள் முள்ளைத்தான் பார்ப்போம். ஒரு முள் சொல்வதை நம்பக் கூடாது என்று பக்கத்தில் இன்னொரு முள். இரண்டும் ஒத்துப்போனால், சேர்ந்து பொய் சொல்கின்றனவோ என்று மூன்றாவது. வேலை முடிந்து வெளியே வரும்போது இரண்டு கைகளையும் ஒரு கருவியின் முன்னால் நீட்டிக் காட்டிவிட்டுத்தான் வர வேண்டும். கல்யாணமான புதிதில் சோற்றுக்கு உட்காரும்போதும் நான் அப்படிக் கையை நீட்டியதாக என் மனைவி இன்றும் சொல்லிச் சிரிப்பாள்.

கவுஞ்சிக்குப் போகக் காரணம் ஒரு கல். விசித்திரமான கல் எது கிடைத்தாலும் அனுப்புங்கள் என்று அரசாங்கம் ஊரெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த காலம். உலைக்கு யுரேனியம் வேண்டும். அந்த யுரேனியம் உலைக்குள் கிடந்து கொஞ்சம் கொஞ்சமாகப் புளூட்டோனியமாக மாறும். அதைப் பிரித்தெடுக்கும் வழியைத் தேடி எங்கள் ரசாயனக்காரர்கள் ராப்பகலாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் முதல் சரக்கு மண்ணுக்குள்ளிருந்துதானே வர வேண்டும்? வந்து குவிந்த கற்களில் பெரும்பாலானவை வெறும் கற்கள். பழனிக் கடைவீதியிலிருந்து மீரான் ராவுத்தர் என்ற வியாபாரி அனுப்பிய கல் மட்டும் கதிர்வீச்சு காட்டும் பெட்டியைச் சடசடவென்று பேச வைத்தது. பிரித்துப் பார்த்தவர்கள் தோரியம் என்றார்கள். தோரியம் இருந்தால் யுரேனியமும் இருக்கலாம், போய்ப் பார்த்துவிட்டு வா என்றார் அதிகாரி.

தோரியம் என்றதும் எனக்கு மூக்கு விடைத்தது. நான் பிறந்தது மணவாளக்குறிச்சிப் பக்கம். எங்கள் கடற்கரையில் கொட்டிக் கிடக்கும் மணலில் இருப்பதும் அதே சரக்குதான். வெள்ளைக்காரன் காலத்திலேயே கப்பல் கப்பலாக அள்ளிக்கொண்டு போனார்கள். எதற்கு என்று சின்ன வயதில் யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. அந்த மணலை ஒரு கைப்பிடி எடுத்துக் கல்லில் அப்பி அனுப்பினால் யார் கண்டார்கள்? ராவுத்தரை முன்பின் பார்க்காமலேயே அவர் மேல் எனக்குச் சந்தேகம் விழுந்துவிட்டது.

ராவுத்தர் கடையில் சாக்கு, கயிறு, மண்வெட்டி, விளக்குச் சாமான் எல்லாம் கிடைக்கும். மலையிலிருந்து இறங்கும் வெள்ளைப்பூண்டை மொத்தமாக வாங்குபவரும் அவர்தான். ஐம்பது வயதிருக்கும், நிதானமான மனிதர். என்னைப் பார்த்ததும் கடையை மகனிடம் விட்டுவிட்டு வீட்டுக்கு அழைத்துப்போய் இடியாப்பமும் ஆட்டுக்கால் பாயாவும் வைத்தார். பம்பாயில் வருஷக்கணக்காகச் சப்பாத்தியோடு மல்லுக்கட்டியவனுக்கு அது அமிர்தம். ஏமாற்ற நினைக்கிறவன் முதலில் இலையைத்தான் போடுவான் என்று மனசு சொல்லிக்கொண்டே இருந்தது. அது சொல்லச் சொல்ல, நான் இன்னும் இரண்டு இடியாப்பம் வாங்கிக்கொண்டேன்.

கல் கிடைத்த கதையை அவரே சொன்னார். கவுஞ்சியில் பாறைக் கருப்பு என்று ஒரு சாமி. போன மழையில் மரம் விழுந்து சாமிப்பாறையில் ஒரு சில்லு பெயர்ந்திருக்கிறது. மினுமினுவென்று இருக்கவே, வெள்ளியாக இருக்குமோ என்று பூசாரி பெரியசாமி அதை இவரிடம் கொடுத்திருக்கிறார். நமக்கென்ன தெரியும் என்று இவர் அனுப்பி வைத்திருக்கிறார். கதை கேட்க நன்றாகத்தான் இருந்தது. கடற்கரைப் பக்கம் உங்களுக்குச் சொந்தம் உண்டா என்று சும்மா கேட்பதுபோல் கேட்டேன்.

"குளச்சல்லதான் நம்ம மருமகன் கடை வச்சிருக்காரு தம்பி. நீங்களும் அந்தப் பக்கமா?" என்றார் சந்தோஷமாக.

குளச்சலிலிருந்து எங்கள் ஊர் மணலுக்குக் கூப்பிடு தூரம். கையிலிருந்த இடியாப்பத்தை இலையிலேயே வைத்துவிட்டேன். பூண்டு வாங்கும் சோலி இருக்கிறது, நானும் கூட வருகிறேன் என்று அவர் கிளம்பியபோது, குட்டு வெளிப்படாமல் காவல் காக்கத்தான் வருகிறார் என்று முடிவே செய்துவிட்டேன்.

கொடைக்கானலில் சந்தேகம் திசை மாறி என் பக்கம் வந்தது. தங்கிய விடுதியின் மேனேஜர் முன்பு ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் சமையல் பொறுப்பில் இருந்தவர். கழுத்தில் மப்ளர், பேச்சில் பாதி இங்கிலீஷ். "சார், பாக்ஸ்ல என்ன? வயர்லெஸ்ஸா? லைசென்ஸ் இருக்கா சார்? எனக்கு டிரபிள் வரக் கூடாது பாருங்க" என்றார். அரசாங்க முத்திரையைக் காட்டியும் அவருக்கு மனசு ஆறவில்லை. ராத்திரி பெட்டி வெளித் தாழ்வாரத்தில்தான் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். காலையில் ரொட்டியும் பிளம்ஸ் ஜாமும் கொண்டுவந்தவர், நான் பெட்டியைத் துடைத்து முடிக்கும் வரை கதவருகிலேயே நின்றார். எங்கள் ஊரில் ஆவி பறந்தால் கிழங்கு வெந்தது என்று அர்த்தம். இங்கே பேசுகிற வாயிலெல்லாம் ஆவி பறந்தது.

பூம்பாறை வரைக்கும் உருளைக்கிழங்கு ஏற்றப் போகிற லாரி. பாதி வழியில் ரேடியேட்டர் கொதித்து நின்றது. எல்லோரும் இறங்கித் தண்ணீருக்கு அலைந்தோம். பின்னால் சாக்கின் மேல் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்கள் என் பெட்டியைப் பற்றித்தான் பேசினார்கள். மதுவிலக்கு கடுமையாக இருந்த காலம் அது. இந்தப் பெட்டி காட்டுக்குள் புதைத்து வைத்த சாராய ஊறலை மோந்து பிடித்துக் கத்துமாம், அதற்குத்தான் இந்த ஆள் பம்பாயிலிருந்து வந்திருக்கிறானாம். அவர்களில் ஒருத்தி, வெரசாப் போய்ச் சொல்லணும் என்றாள். எங்களுக்கு முன்பே செய்தி கவுஞ்சிக்குப் போய்விடும் என்று தெரிந்தது.

பூம்பாறையிலிருந்து கோவேறு கழுதை. அதுவரை நல்ல பிள்ளையாக வந்த கழுதை, ஓர் ஓடையின் நடுவில் என்ன நினைத்ததோ, பெட்டியோடு படுத்துவிட்டது. இழுத்தோம், கெஞ்சினோம், திட்டினோம். தானாக எழுந்திருக்க அதற்கு மனசு வந்தபோது பெட்டியிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. அரசாங்கத்துக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்கு அழுகையே வந்தது. ராவுத்தர் தன் கம்பளியைக் கழற்றிப் பெட்டியைச் சுற்றிக் கட்டிவிட்டு, கவுஞ்சி வரை வெறும் சட்டையோடு நடந்தார். அதையும் நான் சந்தேகத்தோடுதான் பார்த்தேன்.

கவுஞ்சியில் எங்களைக் கண்டதும் கதவுகள் சாத்திக்கொண்டன. தண்ணீர் கேட்ட வீட்டில் பானை காலி என்றார்கள். பூசாரி பெரியசாமிதான் தன் வீட்டில் இடம் கொடுத்தார். நரைத்த மீசையும் கீச்சுக் குரலுமாக இருந்தார். சாமைச் சோறும் பூண்டுக் குழம்பும் கிடைத்தன. அந்தப் பூண்டின் மணத்துக்கு ஈடாக நான் இன்னொன்றைத் தின்றதில்லை. இன்றைக்கும் எங்கள் வீட்டுக்கு அங்கிருந்துதான் பூண்டு வருகிறது.

ஊருக்குப் பொதுவாக ஒரே ஒரு காஸ் லைட்டு, மண்ணெண்ணெய்க்குக் காற்றடித்து எரிப்பது. அது இருப்பதும் பெரியசாமி வீட்டில்தான். அந்தி சாயும்போது அதை ஏற்றினார். சூட்டில் காயட்டும் என்று பெட்டியைப் பிரித்து அதன் பக்கத்தில் வைத்தேன். காய்ந்ததும் முடுக்கிப் பார்த்தால், சும்மா இருந்த பெட்டி படபடவென்று பேசியது. ஈரம் உள்ளே புகுந்து புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்து அணைத்துவிட்டேன். விடிந்ததும் வெளியே கொண்டுபோய்ப் பார்த்தேன். பழையபடி ஒழுங்காக, மெதுவாக டிக் டிக்கென்றது.

சாமிப்பாறைக்குப் போகிற வழியில் ஒரு பெண் எங்களை மறித்தாள். பெயர் வெள்ளையம்மா. பாறைக்குக் கீழே படிப்படியாக இறங்கும் பூண்டுக் காடு அவளுடையது. புருஷன் கழுதை ஓட்டிக்கொண்டு சமவெளிக்குப் போயிருந்தான். காட்டில் ஒரு பயிரும் இல்லை. உழுது பாத்தி கட்டிய மண்ணில் சிவப்புத் துணி கட்டிய முளைக்குச்சிகள் நின்றன. கல்லில் ஏதோ இருக்கிறது என்று தெரிந்தவுடன் யாரோ ஒரு சர்வேக்காரர் வந்து நட்டுவிட்டு, மறு உத்தரவு வரும்வரை மண்ணில் கை வைக்கக் கூடாது என்று சொல்லிப் போயிருக்கிறார்.

"பரண்ல வெதப்பூடு மொளை கட்டிக் கெடக்குங்க. மழை விட்டிருக்கு. இந்த வாரம் ஊனுனாத்தான் உண்டு. விட்டுட்டா வெதையும் போச்சு, வருசமும் போச்சு" என்றாள். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று மேலே ஏறினேன்.

பாறையின் ஒரு பக்கம் சாமி. இன்னொரு பக்கம் இடுப்புயரத்தில் ஒரு பிளவு, அதன் ஓரத்தில் சில்லு பெயர்ந்த தடம். பெட்டியைப் பிளவருகே கொண்டுபோனதும் சடசடவென்று பேச ஆரம்பித்தது. இரண்டடி நகர்ந்தால் அடங்கிவிட்டது. பாறையைச் சுற்றினேன், மேலே ஏறினேன், காட்டுக்குள் இறங்கினேன். எங்கும் மலைக்குரிய மெதுவான டிக் டிக் மட்டும். மலைக்குள் சரக்கிருந்தால் இப்படி ஒரு மூலையில் மட்டும் பேசாது. யாரோ கொண்டுவந்து வைத்த சரக்கு இது, சந்தேகமே இல்லை. பூதக்கண்ணாடியை எடுத்து எங்கள் ஊர் மணலைத் தேடினேன். எனக்குத் தெரியாத மணலா? ஒரு மணிகூட இல்லை. பிளவுக்குள் வெள்ளையாகப் படிந்து கிடந்தது சாம்பல் மட்டும்தான். பழனிச் சீமையில் சாமி இருந்தால் திருநீறும் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

மணல் கிடைக்காத ஆத்திரத்தை ராவுத்தர் மேல் காட்டினேன். குளச்சல் மருமகன் எத்தனை மூட்டை மணல் அனுப்பினார், பாறையில் அப்பிவிட்டுக் கழுவினீர்களா என்று பெரியசாமி காதுபடவே கேட்டேன். ராவுத்தர் முகம் சுருங்கிவிட்டது.

"அளக்குற படியில இதுநாள் வரைக்கும் நான் கை வச்சதில்ல தம்பி. சாமி கல்லுலயா வைக்கப்போறேன்?" என்றார். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. மத்தியானச் சோற்றுக்குத் தனியாகப் போய் உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் வெள்ளனே, கிழக்கு வெளுப்பதற்கு முன்பே, கழுதைகளில் ராவுத்தரின் பூண்டு மூட்டை ஏறிக்கொண்டிருந்தது. காஸ் லைட்டு வெளிச்சத்தில்தான் எல்லா வேலையும். கழுதை ஒன்று இடித்ததில் விளக்கு ஆடி, வெளிச்சம் மங்கிப் போனது. பெரியசாமி அதை அணைத்துக் கண்ணாடியைக் கழற்றி என்னவோ செய்தார். பிறகு இடது கையைப் பொத்திக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, யாரிடமும் சொல்லாமல் சாமிப்பாறைப் பக்கம் நடந்தார். திருடனைக் கையும் களவுமாகப் பிடிக்கப் போகிறேன் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன். பிளவுக்குள் அவர் கையை விடப்போகும் சமயத்தில் மணிக்கட்டைப் பிடித்து, கையைத் திறங்கள் என்றேன்.

திறந்தார். உள்ளங்கையில் கொஞ்சம் வெள்ளைப் பொடி.

"வெளக்குல இருந்த மேண்டிலுங்க. ஒடஞ்சு போச்சு. வெளக்கு சாம்பல் கால்ல மிதிபடக் கூடாதுல்ல, அதான் சாமிகிட்ட சேத்துருவோம்" என்றார் ஒன்றும் புரியாமல்.

பெட்டியை முடுக்கி அந்தக் கைக்கு மேல் நீட்டினேன். சடசடவென்று கொட்டியது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். காஸ் லைட்டுக்குள் கட்டும் நூல்வலைதான் மேண்டில், அதைத் தோரிய உப்பில் தோய்த்துத்தான் செய்வார்கள். நூல் எரிந்த பிறகு வெள்ளைக் கூடாக நின்று வெளிச்சம் கொடுப்பது அந்தத் தோரியம்தான். எனக்குத் தெரியாததா? பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். முந்தாநாள் விளக்கடியில் பெட்டி பேசியபோது உண்மையைத்தான் பேசியிருக்கிறது. எத்தனை காலமாக இப்படி என்று கேட்டேன். அவருடைய அப்பா காலத்தில் ஊருக்குக் காஸ் லைட்டு வந்ததிலிருந்து என்றார். சில பேர் அதை நெற்றியிலும் இட்டுக்கொள்வார்கள் என்று பெருமையாக வேறு சொன்னார். நான் பதறிப்போனேன். அது திருநீறல்ல, உடம்பில் படக் கூடாத சரக்கு, இனி யாரும் தொடவே வேண்டாம் என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

விடிந்ததும் பிளவிலிருந்த சாம்பலையெல்லாம் ஈரத் துணியால் ஒற்றி எடுத்து ஒரு தகர டப்பாவில் அடைத்தேன். மிச்சத்தைப் பெரியசாமியே, காட்டுக்கு எதிர்ப்பக்கம் வடியும்படி, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். சாமி இருக்கும் பாறையைக் குளிப்பாட்ட அவருக்கு ஒருவர் சொல்ல வேண்டுமா என்ன? ஒவ்வொரு குடத்துக்கும் பெட்டியின் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் மலை முழுக்கக் கேட்ட அதே மெதுவான டிக் டிக். பாறையில் யுரேனியமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

ராவுத்தரிடம் போய் நின்றேன். தப்பாகப் பேசிவிட்டேன், மன்னித்துவிடுங்கள் என்று சொல்லி நடந்ததை விளக்கினேன். "இந்த ஊருக்கு மேண்டில் விக்கிறது நான்தானே தம்பி. அப்ப என் கடைச் சரக்கத்தான் நானே பம்பாய்க்குப் பார்சல் அனுப்பியிருக்கேனா?" என்று வயிறு குலுங்கச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அந்த மேண்டிலுக்கும் முன்னால் அது எங்கே கிடந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கப்பல் கப்பலாகப் போன எங்கள் மணலில் ஒரு பிடி, ஊர் சுற்றி, கழுதை முதுகில் ஏறி, எனக்கு முன்பே கவுஞ்சிக்கு வந்து காத்திருக்கிறது. என் சந்தேகம் சரிதான். ஆளைத்தான் தப்பாகப் பிடித்தேன்.

வெள்ளையம்மாவிடம் போய், இங்கே சுரங்கம் வராது, பூண்டு போடலாம் என்றேன். அவள் நம்பவில்லை.

"குச்சி நட்ட சாரும் இப்பிடித்தான் நல்லாப் பேசுனாருங்க. நீங்க போனப்பறம் இன்னொருத்தரு வருவாரு. யாரைக் கேட்டு ஊனுனேம்பாரு. நான் என்னத்தச் சொல்ல?"

பம்பாய் போய் அறிக்கை எழுதுகிறேன், உத்தரவு வந்துவிடும் என்றேன். எப்போது வரும் என்று கேட்டாள். எனக்குத்தான் எங்கள் வழக்கம் தெரியுமே. ஒரு முள் சொன்னால் நம்ப மாட்டோம். என் அறிக்கையைச் சரிபார்க்க இரண்டாவது ஆள் வருவார், அவரைச் சரிபார்க்க மூன்றாவது. அதற்குள் பரணில் இருக்கும் விதை சருகாகிவிடும். இந்த வாரத்துக்குள் வராது என்று ஒப்புக்கொண்டேன்.

"அப்ப ஒண்ணு செய்யுங்க" என்றாள். "மொதப் பல்ல உங்க கையால ஊனுங்க. கவர்மெண்டு ஆளே ஊனிக் குடுத்ததுன்னு சொல்லிக்கிறேன். ராவுத்தரும் பூசாரியும் பாத்த சாட்சி."

அளப்பது மட்டும்தான் என் வேலை. முளைக்குச்சியைத் தொடக்கூட எனக்கு அதிகாரம் கிடையாது. செய்தி பம்பாய்க்குப் போனால் வேலையே போகலாம். அந்தக் காட்டைப் பார்த்தேன். வெறும் பாத்திகள், சிவப்புத் துணிகள், இடுப்பில் கூடையோடு அவள். பயமாகத்தான் இருந்தது. குனிந்து என் காலடியில் இருந்த குச்சியைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் பாத்தியில் உட்கார்ந்தேன். முதல் பல்லைத் தலைகீழாக ஊன்றிவிட்டேன். அவள் அதை எடுத்துத் திருப்பி என் கையிலேயே கொடுத்தாள். இரண்டாவது முறை சரியாக இறங்கியது.

எழுந்ததும் கை தானாகப் பெட்டிப் பக்கம் போய்விட்டது. முடுக்கிவிட்டு, மண் ஒட்டிய இரண்டு கைகளையும் அதன் முன்னால் நீட்டினேன். டிக். கொஞ்சம் பொறுத்து, டிக். அதற்குள் கதவு சாத்திய வீட்டுக்காரர்களெல்லாம் மேட்டில் வந்து நின்றிருந்தார்கள்.

"என்னங்க சொல்லுது?" என்றாள் வெள்ளையம்மா.

கை சுத்தமாக இருக்கிறது என்கிறது என்றேன். அவள் அதையும் நம்பவில்லை. பெட்டியருகே குனிந்து காதை வைத்து நெடுநேரம் கேட்டாள். பிறகு நிமிர்ந்து, விதைக் கூடையை என் கையில் வைத்தாள்.

"சுத்தமான கைதானே. அந்தப் பாத்தியையும் முடிச்சுட்டுப் போங்க."

பூம்பாறையில் லாரி அன்று எனக்காக நிற்கவில்லை. அது மலையிறங்கிய நேரத்தில் நான் மூன்றாவது பாத்தியில் இருந்தேன்.